கேட்காமல் போட்ட கட்டு

இன்று காலை கராத்தே வகுப்பில் ஷர்மிளாவின் கட்டைவிரல் சுளுக்கிக்கொண்டது. பெரிதாக ஒன்றுமில்லை. எதிரே நின்றவளின் கையைத் தட்டிவிடும்போது விரலை ஒட்டி வைக்காமல் விரித்து வைத்திருந்தாள், அவ்வளவுதான். முதலுதவிப் பெட்டியைத் திறந்து புது பேண்டேஜ் சுருள் ஒன்றின் காகிதத்தைப் பிரித்தேன். அந்த வாசனை வந்தது. வெளுத்துக் காயவைத்த பருத்தித் துணியின் வாசனை. கொஞ்சம் மருந்து, கொஞ்சம் வெயில், கொஞ்சம் கஞ்சி. உன் சேலையில், உன் சாப்பாட்டுப் பையில், நீ முடியைத் தூக்கிக் கட்டும் ரிப்பனில்கூட இருந்த வாசனை. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் கம்பெனியில் அத்தனை வருடம் பேக்கிங் பார்த்தவளை விட்டு அது எங்கே போகும்?

"மேடம், கட்டுங்க" என்று ஷர்மிளா கையை நீட்டிக்கொண்டே நின்றாள். எவ்வளவு நேரம் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேனோ தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் சுதாரித்துக்கொண்டு, "எங்க வலிக்கி? இங்கயா? மடக்கினா கூடுதா?" என்று எல்லாம் கேட்டுவிட்டுத்தான் கட்டினேன். இப்போதெல்லாம் கேட்காமல் நான் யாருக்கும் கட்டுப் போடுவதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் வகுப்பு நடந்த அதே கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முந்தாநாள் முகூர்த்தம். தரையை எவ்வளவு கழுவினாலும் ஒரு மூலையில் பாயசம் பிசுபிசுக்கிறது. ஒன்பதரைக்கு மண்டபத்துக்காரர் வந்து சாவி வாங்கிக்கொள்வார். அதுவரை எனக்குப் பேச ஆள் இல்லை. முன்பெல்லாம் இந்த நேரத்தில்தான் நாம் இரண்டு பேரும் காலை நீட்டி உட்கார்ந்து, வந்த ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பேசுவோம். நீ போய் ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. பேச வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நாம் கராத்தேக்குப் போனதே யாரும் கூப்பிட்டு அல்ல. ராஜபாளையத்தில் கோடை விடுமுறைக்கு என்று உன் மகளையும் என் மகனையும் சேர்த்துவிட்டோம். பள்ளிக்கூட மைதானத்து வேப்பமரத்தடியில் அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஒருவரை ஒருவர் தெரியாது. நீ வேலை முடிந்து நேரே வந்து, தூக்குச்சட்டியைத் திறந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே பிள்ளைகளைப் பார்ப்பாய். நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா வேலை முடித்து, முதுகு வலியோடு வந்து மரத்தில் சாய்ந்துகொள்வேன். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, நீ சட்டியை மூடிவைத்துவிட்டு எழுந்தாய். நம்மைவிட எட்டு வயது இளையவரான மாஸ்டரிடம் நேரே போய் நின்றாய்.

"மாஸ்டர், நாங்க இங்கன சும்மாதான உக்காந்திருக்கோம். பின்னால நின்னு நாங்களும் செஞ்சா தப்பா?"

அவர் பதில் சொல்வதற்குள் திரும்பி என்னைப் பார்த்து, "ஏட்டி, உன்னத்தான். முதுகப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கியே, எந்திரிச்சு வா" என்றாய். என் பெயர்கூட உனக்கு அப்போது தெரியாது. நான் ஏன் எழுந்து வந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பள்ளி திறந்ததும் உன் மகள் டியூஷனுக்குப் போய்விட்டாள். என் மகன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். நாம் மட்டும் தொடர்ந்தோம். முப்பத்து நான்கு வயதில், ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் வெள்ளை பெல்ட்டோடு. முதல் நாள் உடுப்புப் போட்டுக்கொண்டபோது கண்ணாடியில் பார்த்து நீ சிரித்த சிரிப்பு. "கம்பெனில பொட்டணம் கட்டி அனுப்புவோம்லா, அது மாதிரியே இருக்கோம்ட்டி."

எனக்குக் காலும் வந்தது, கையும் வந்தது. சத்தம்தான் வரவில்லை. குத்தும்போது அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும் என்பார் மாஸ்டர். சின்னப் பிள்ளைகள் கூரை அதிரக் கத்துவார்கள். நான் வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். சர்ச்சில் பாட்டுப் பாடியிருக்கிறேன், ஸ்கூலில் பிள்ளைகளை அதட்டியிருக்கிறேன். ஆனால் எனக்காக ஒரு சத்தம் போட்டதே இல்லை. இதை நான் உன்னிடம் சொல்லவில்லை, நீயாகத்தான் கண்டுபிடித்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் அம்மா வீட்டுக்குப் போவோம் என்று வத்திராயிருப்புக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாய். சாப்பிட்டுவிட்டு அங்கிருந்து பிளவக்கல் அணைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரைப் பார்க்க நிறுத்தினாய்.

"இங்க ஒருத்தரும் இல்ல. கத்து."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்காத. எம்புட்டு வருதோ அம்புட்டுக் கத்து."

முதலில் வந்தது இருமல் மாதிரி இருந்தது. நீ சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். ஏழாவதோ எட்டாவதோ தடவை என்னையறியாமல் ஒன்று வெளியே வந்தது. மலையில் பட்டுத் திரும்பியது. காவலாளி ஓடிவந்து, "யாரும்மா தண்ணில விழுந்தது?" என்றார். நீ கொஞ்சமும் அசராமல், "விழுகலைண்ணே, எந்திரிச்சிருக்கா" என்றாய். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. வழியெல்லாம் நீ பேசினாய், நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்கிறேன். வயதான அம்மாக்கள் இரண்டு பேர் இப்போது வருகிறார்கள். முதல் ஆறு மாதம் உடம்பு நம் பேச்சைக் கேட்காது, இடது எது வலது எது என்றே மறந்துபோகும், பக்கத்தில் நிற்கும் சின்னப்பிள்ளை நம்மைவிட நன்றாகச் செய்யும், அதற்காக நின்றுவிடாதீர்கள் என்கிறேன். உன் வார்த்தையில் சொன்னால், "நாளைக்கு நல்லா வரணும்னு வராதீய. நேத்து வந்தோம், இன்னைக்கும் வந்துட்டோம்னு வாங்க." அவர்கள் சிரிக்கிறார்கள். மறுவாரமும் வருகிறார்கள்.

கறுப்பு பெல்ட் வாங்க நமக்கு ஏழு வருடம் ஆனது. மாஸ்டர் வேலை கிடைத்து வெளியூர் போனபோது வகுப்பை நம்மிடம் விட்டுப்போனார். உன் வீட்டுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரில் சைக்கிள் கடை போட்டதால் நீ இங்கே குடிவந்தாய். ராஜபாளையத்து வகுப்பு எனக்கு, இங்கே ஆரம்பித்தது உனக்கு என்று ஆனாலும், ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் இரண்டு வகுப்பும் சேர்ந்து இந்த மண்டபத்தில்தான். சில மாதம் விடியற்காலையில் எல்லோரையும் இங்கே பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைக்குக் கூட்டிப்போய்ப் பெருமாள் கோயில் படி ஏறி இறங்க வைப்பாய். புரட்டாசி சனிக்கிழமை மட்டும் கூடாது, கூட்டத்தில் யாரையாவது இடித்துவிடுவார்கள் என்பாய். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரியான நானும் கோயிலுக்குள் போகாமல் படியை மட்டும் எத்தனை தடவை ஏறியிருப்பேன்.

நான் வகுப்பை முன்னால் நின்று நடத்துவேன். நீ பின்னால் நின்று நடத்துவாய். வாத்தியார் என்றால் முன்னால் நின்று செய்துகாட்ட வேண்டும், எல்லோரும் பார்க்க வேண்டும் என்று எனக்கு நினைப்பு. நீ கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, குதிகால்களைப் பார்ப்பாய். ஒருநாள் கேட்டேன். "முன்னால மூஞ்சியத்தான பாக்க முடியும்? மூஞ்சி எல்லாம் தைரியமாத்தான் இருக்கும். பயம் குதிகால்லதான் தெரியும்" என்றாய். அது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. புரியாததை ஒத்துக்கொள்ளவும் இல்லை. உன் பிள்ளைகள் போட்டிகளில் இரண்டாவது சுற்றைத் தாண்டுவது அபூர்வம். என் பிள்ளைகள் கோப்பை வாங்கி வந்தார்கள். நான்தான் நல்ல வாத்தியார் என்று உள்ளுக்குள் வைத்திருந்தேன்.

காயத்ரியைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க முடியாது.

பதினாறு வயது. என் வகுப்புப் பிள்ளை. அம்மா ஸ்பின்னிங் மில்லில் வேலை. நான் பார்த்த பிள்ளைகளில் அத்தனை வேகமான கால் வேறு யாருக்கும் இல்லை. அந்தத் தை மாதத்துப் போட்டியில் அரையிறுதியில் ஜெயித்துவிட்டு ஓரத்துக்கு வந்தவள், வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, "மேடம், கை வலிக்கி" என்றாள். நீ அப்போது அடுத்த களத்தில் நடுவராக இருந்தாய். நான் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். லேசாக வீங்கியிருந்தது. வலிக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடித்தேன். உன் கம்பெனியிலிருந்து நீ கொண்டுவந்து கொடுத்திருந்த பேண்டேஜை எடுத்து இறுக்கிச் சுற்றினேன். "இன்னும் ரெண்டே நிமிஷம்தான். பல்லக் கடிச்சுக்கோ" என்றேன். அவள் இன்னொரு தடவை "மேடம்" என்றாள். "ஃபைனல்டி" என்றேன்.

எதிராளியின் உதையை அந்தக் கையால் தடுத்தாள். தடுத்த கையின் மேலேயே விழுந்தாள். அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். இரண்டாம் பரிசுக் கோப்பையை இடது கையில் வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் நீ வந்து சேர்ந்தாய். டாக்டர் கத்திரியால் கட்டை வெட்டிக்கொண்டிருந்தார். நீ அந்தத் துணியைப் பார்த்தாய். எந்தச் சுற்று எப்போது போட்டது என்று ஒரு பேண்டேஜைப் பார்த்துச் சொல்லிவிடுகிறவள் நீ.

"இது யாரு கட்டுனது?"

"நான்தான்."

"விழுந்த பொறவா?"

நான் குனிந்து, கீழே விழுந்த துணித் துண்டைப் பொறுக்கினேன்.

"அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே உள்ள அனுப்பியிருக்க."

வராந்தாவில், காயத்ரியின் அம்மா காதில் விழும்படி, நான் கத்தினேன். பிளவக்கல்லில் நீ எனக்குக் கொடுத்த அதே குரலால் உன்னிடம் கத்தினேன். "உன் பிள்ளைங்க ஒண்ணாச்சும் ஃபைனலப் பாத்திருக்காட்டி? அந்த வயித்தெரிச்சல்லதான பேசுத?" "அந்தப் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேளு. என்கிட்ட இல்ல, அவகிட்ட" என்றாய். பையை எடுத்துக்கொண்டு காயத்ரியின் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய். நான் ராஜபாளையம் பஸ்ஸில் தனியாக வீடு திரும்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் இந்த மண்டபத்துக்கு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. காயத்ரியும் வகுப்புக்கு வரவில்லை. மாதம் ஒரு தடவை உன்னிடமிருந்து போனில் ஒரே ஒரு வரி வரும். "காயத்ரி வீட்டுக்குப் போனியா?" நான் பார்ப்பேன், பதில் அனுப்ப மாட்டேன். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. வைகாசியோடு அதுவும் நின்றது. கோபத்தில் நிறுத்திவிட்டாய் என்று நினைத்தேன். எனக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

ஆனி மாதம் கடைத்தெருவில் ஷர்மிளாவைப் பார்த்தேன். அப்போது அவள் உன் வகுப்புப் பிள்ளை. "கிளாஸ் எப்படிப் போகுது?" என்று சும்மா கேட்டேன். "கிளாஸ் இல்லையே மேடம். அவியளுக்கு வயித்துல கட்டியாம். மதுரையில பெரிய ஆஸ்பத்திரில இருக்காவ. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். அந்த "தெரியாதா" தான் என்னைக் கொன்றது. அவள் குத்திக்காட்டவில்லை. நமக்குள் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. நீ யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாளே மதுரைக்கு ஓடிவந்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு வரை போனேன். ஆனால் உன் முன்னால் வந்து நின்றால் நீ முதலில் என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பதில் இல்லாமல் வர முடியவில்லை. திரும்பி, மில்லுக்குப் பின்னால் இருக்கும் தெருவுக்கு நடந்தேன்.

காயத்ரியின் அம்மா கதவைத் திறந்து, "வாங்க டீச்சர்" என்றுதான் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காயத்ரி கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். எலும்பு கூடிவிட்டது. மணிக்கட்டு மட்டும் முழுவதும் மடங்கவில்லை. வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். நான் அவசரப்பட்டுவிட்டேன், போட்டியின் பரபரப்பில், எனக்கும் அன்றைக்கு... என்று இழுத்தேன். அவள் குறுக்கிட்டாள்.

"மேடம், எனக்குக் கை ஒடிஞ்சது வருத்தமில்ல. விளையாட்டுல ஒடியத்தான் செய்யும். நான் வலிக்குன்னு சொன்னேன். நீங்க கேட்டீங்க. கேட்டுட்டுக் கட்டுப் போட்டு உள்ள அனுப்புனீங்க. வீட்டுல ஒண்ணு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. கிளாசுல மட்டும்தான் கேப்பாங்கன்னு நெனச்சிருந்தேன்."

அதற்கு மேல் என் மனப்பாடத்தில் ஒன்றும் இல்லை. "என்னை மன்னிச்சிரும்மா" என்றேன். அவள் "சரி மேடம்" என்றாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை. வகுப்புக்குத் திரும்பி வருகிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் திரும்பி வரவும் இல்லை. இப்போது நர்சிங் படிக்கிறாள். பஸ்ஸில் பார்த்தால் சிரிப்பாள். அவ்வளவுதான். அதை அப்படியே வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மறுநாள் மதுரையில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். பாதியாகிப்போயிருந்தாய். என்னைப் பார்த்ததும், நான் நினைத்த மாதிரியே, "போனியா?" என்றாய்.

"போனேன்."

"நீ பேசுனியா, அவ பேசுனாளா?"

"ரெண்டு பேரும்."

"யாரு நெறைய?"

"அவதான்."

கண்ணை மூடிக்கொண்டாய். "அப்பச் சரி. உக்காரு. செத்த நேரம் ஒண்ணும் பேசாத" என்றாய். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். வயித்தெரிச்சல் என்று நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தபோதெல்லாம் கையை உயர்த்தி நிறுத்தினாய். வகுப்பில் நிறுத்துவதற்குக் காட்டுவாயே, அதே மாதிரி.

நமக்கு மூன்று வாரம் கிடைத்தது. ஐந்து மாதத்தைப் பேசாமல் தொலைத்தவளுக்கு மூன்று வாரம். சனி, ஞாயிறு மட்டும்தான் என்னால் வர முடிந்தது. ஆக ஆறு நாள். அந்த ஆறு நாளில் நீ உன் நோயைப் பற்றிப் பேசியதைவிட வகுப்பைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். "என் பிள்ளைகள விட்டுராத. உன் பிள்ளைகளோட சேத்து ஓட்டாத, மெதுவா ஓட்டு" என்றாய். கடைசி ஞாயிற்றுக்கிழமை உன் மகளிடம் ஒரு நோட்டை எடுத்துக் கொடுக்கச் சொன்னாய்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். பெல்ட், தேதி, அதெல்லாம் இல்லை. ஒன்றிரண்டு வரிகள்தான். "இவளிடம் சத்தமாகப் பேசக்கூடாது. வீட்டில் அந்தச் சத்தம் போதுமான அளவு இருக்கிறது." "இவள் சரி சரி என்பாள். புரியவில்லை என்று அர்த்தம்." "அடிக்கப் பயமில்லை. அடித்த பிறகு அழுகிறாள். அழட்டும், நிறுத்தச் சொல்லாதே." ஷர்மிளாவுக்கு, "தோற்றால் சிரிப்பாள். அன்றைக்குக் கூடவே பஸ் ஸ்டாண்டு வரை நடக்க வேண்டும்."

கோப்பை வாங்காத வகுப்பு என்று நான் சொன்னது இதைத்தான். உன்னை எடுத்துக்கொண்டு போன பிறகு, ஆடி மாதத்து ஒரு மத்தியானம், அந்த நோட்டு முழுவதையும் படித்தேன். என்னைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று தேடினேன். கடைசி வெற்றுப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தேன். இல்லை. நான் உன் மாணவி இல்லையே, ஏன் எழுதப்போகிறாய்? ஆனாலும் தேடினேன்.

தனியாக வகுப்பு எடுப்பது எப்படி என்று உன்னிடம் கேட்காமல் விட்டேன். செவ்வாயும் வியாழனும் ராஜபாளையம், சனியும் ஞாயிறும் இங்கே. கூட்டத்தில் நிற்கும்போது தனிமை தெரியாது என்று நினைத்திருந்தேன். முப்பது பிள்ளைகள் என்னைப் பார்த்து வணங்குகிறார்கள். ஜோடிப் பயிற்சி என்று சொன்னதும் எல்லோரும் இரண்டிரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். செய்துகாட்ட எனக்கு எதிரே நிற்க ஆள் இருக்காது. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தலாம், நிறுத்துகிறேன். ஆனால் முழு பலத்தோடு குத்தினால் தாங்கிக்கொண்டு, "இன்னும் போடு, பால் குடிக்கலையா?" என்று கேட்கும் ஆள் இல்லை. பதினொரு வருடம் என் கைக்கு எதிரே உன் கை இருந்தது. இப்போது என் பலம் எவ்வளவு என்றே எனக்குத் தெரியவில்லை.

இளைய வாத்தியார்கள் சிலர் என்னிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். எனக்கும் அந்த வயது ஆகிவிட்டது பார். பின்னால் போய் நில்லுங்கள் என்று சொல்கிறேன். உங்கள் உதை எவ்வளவு உயரம் போகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டியது போதும், அவர்களுடையது ஏன் போகவில்லை என்று பாருங்கள் என்கிறேன். தப்பு செய்தால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள், வகுப்பு ஒன்றும் கெட்டுப்போகாது என்கிறேன். எல்லாம் உன்னுடையது. அவர்கள் என்னைப் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள்.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நஸ்ரின் ஞாபகம் இருக்கிறதா? பழக்கடைக்காரர் மகள். உன் நோட்டில் அவள் பக்கத்தில், "அவசரம். நல்ல அவசரம்" என்று மட்டும் இருக்கிறது. இப்போது பதினைந்து வயது. போட்டியில் அரையிறுதி. நாலுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தாள். உன் வகுப்புப் பிள்ளை ஒருத்தி முதல் தடவையாக ஃபைனலுக்குப் போகப்போகிறாள். ஒரு நிமிடம்தான் பாக்கி. எதிராளியின் உதை தலைப்பக்கம் பட்டது. நஸ்ரின் தடுமாறினாள், ஆனால் விழவில்லை. நடுவர் நிறுத்தி, "முடியுமா?" என்று கேட்க, தலையாட்டினாள். நான் எழுந்துபோய் அவள் முன்னால் நின்றேன்.

"நஸ்ரின், காலைல என்ன சாப்பிட்ட?"

அவள் என்னைப் பார்த்தாள். கண் என்மேல் நிற்கவில்லை. "மேடம்... இட்லி" என்றாள், ரொம்ப நேரம் கழித்து. நாங்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது பூரி.

நான் நடுவரிடம் திரும்பி, "நாங்க விலகிக்கிடுதோம்" என்றேன்.

"மேடம், எனக்கு ஒண்ணுமில்ல! நான் ஜெயிச்சுக்கிட்டு இருக்கேன்! மேடம்!" என்று நஸ்ரின் கத்தினாள். அவள் வாப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "நல்லாத்தான மேடம் ஆடிக்கிட்டு இருந்தா?" என்றார். எதிர்ப்பக்கத்துப் பயிற்சியாளர் தன் பிள்ளையின் முதுகில் தட்டிக்கொடுத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். காயத்ரியை உள்ளே அனுப்பியபோது அந்த அரங்கமே எனக்குக் கைதட்டியிருந்தது. இந்தத் தடவை யாரும் தட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, மூளையில் லேசான அதிர்ச்சிதான், பத்து நாள் விளையாட வேண்டாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். "பாத்தீங்களா, ஒண்ணுமில்லையாம்" என்றார் அவள் வாப்பா. ஆமாம், ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததற்கு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? நான் செய்தது சரியா, இல்லை காயத்ரியை நினைத்துப் பயந்து ஒரு பிள்ளையின் ஃபைனலைப் பறித்துவிட்டேனா? நீ இருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாய். திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் நஸ்ரின் பின்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். நான் அந்த இடத்தில் பையை வைத்துக்கொண்டு வந்தேன்.

விளையாடாவிட்டாலும் வகுப்புக்கு வந்து உட்கார்ந்து பார் என்று சொல்லியிருந்தேன். நேற்றும் வரவில்லை. இன்றும் வரவில்லை. "கோவமா இருக்கா மேடம். கராத்தேயே வேண்டாம்ங்கா" என்றாள் ஷர்மிளா, கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

வெளியே மண்டபத்துக்காரரின் வண்டிச் சத்தம் கேட்கிறது. காயத்ரி வீட்டுக்குப் போக ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன். நஸ்ரின் வீடு இங்கிருந்து நடந்தால் பத்து நிமிடம். சாவியைக் கொடுத்துவிட்டு நேரே அங்கேதான் போகிறேன். அவள் திட்டினாலும் திட்டட்டும், அழுதாலும் அழட்டும். சரியாகத்தான் செய்தேன் என்று நிரூபிக்கப் போகவில்லை. அவள் சொல்லி முடிக்கும் வரை நான் வாயைத் திறக்கப்போவதில்லை.